தோலுக்கடியில் புதைந்த முள்ளை அல்ட்ராசவுண்டில் தேடி எடுக்கும் முறை

"உள்ளே ஏதோ இருக்கிறது, காலை ஊன்றினால் குத்துகிறது" என்று சொல்லிக்கொண்டு வருகிற நோயாளிக்கு எக்ஸ்ரே எடுத்துப் பார்த்து, அதில் ஒன்றும் தெரியவில்லை என்பதற்காக மாத்திரை எழுதிக் கொடுத்து அனுப்பிவிடுவது அவசர சிகிச்சைப் பிரிவுகளில் இன்றும் நடக்கிறது. பணியில் சேர்ந்த புதிதில் நானும் அப்படி ஒருவரை அனுப்பியிருக்கிறேன். சீமைக்கருவேல மரம் வெட்டும் வேலைக்குப் போயிருந்த பெண் அவர். உள்ளங்காலில் தைத்த முள்ளை அன்றே வீட்டில் ஊக்கால் கிண்டிப் பாதியை எடுத்துவிட்டார். மீதி உள்ளேயே ஒடிந்து நின்றுவிட்டது என்று திரும்பத் திரும்பச் சொன்னார். எக்ஸ்ரேயில் எலும்புகள் ஒழுங்காக இருந்தன, வேறெதுவும் தெரியவில்லை. மூன்று வாரம் கழித்து அவர் பாதம் வீங்கிச் சீழ் வைத்து வந்தபோதுதான் அல்ட்ராசவுண்ட் கருவியை வைத்துப் பார்த்தோம். ஒரு சென்டிமீட்டருக்குச் சற்றே கூடுதலான நீளத்தில் முள்ளின் நுனி, தன்னைச் சுற்றிக் கறுத்த வளையத்தோடு, அவர் விரல் வைத்துக் காட்டிய அதே இடத்தில் கிடந்தது. முதல் நாளே பார்த்திருந்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்திருக்க வேண்டிய வேலை அது.

சிறிய மருத்துவமனைகளிலும் அவசர சிகிச்சைப் பிரிவுகளிலும் பணிபுரியும் இளம் மருத்துவர்களை மனத்தில் வைத்தே இந்த வழிகாட்டியை எழுதுகிறேன். தனக்கோ தன் வீட்டில் ஒருவருக்கோ முள் ஏறியிருக்கும்போது மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும் என்று அறிய விரும்பும் பொது வாசகருக்கும் இதில் பயன் உண்டு. ஆனால் எடுக்கும் வேலை மருத்துவருடையதே என்பதை அவர்கள் மறந்துவிடக் கூடாது.

எக்ஸ்ரே எதைக் காட்டும், எதைக் காட்டாது

எக்ஸ்ரே அடர்த்தியைப் படமாக்குகிறது. ஊசி, ஆணி, கம்பித்துண்டு, சரளைக்கல் ஆகியவை சுற்றியுள்ள சதையைவிட மிகுந்த அடர்த்தி கொண்டவை என்பதால் பளிச்சென்று தெரியும். கண்ணாடியும் தெரியும். ஈயம் கலந்த கண்ணாடி மட்டுமே எக்ஸ்ரேயில் விழும் என்று பல மருத்துவர்கள் இன்றும் நம்புகிறார்கள், அது தவறு. சாதாரண பாட்டில் கண்ணாடியும், ஓரிரு மில்லிமீட்டர் அளவுக்காவது இருந்து, இரண்டு கோணங்களில் படமெடுத்தால் பெரும்பாலும் தெரிந்துவிடும். ஆகவே உடைந்த பாட்டிலை மிதித்து வந்தவருக்கும், தையல் எந்திரத்தின் ஊசி விரலில் ஒடிந்து வந்தவருக்கும் எக்ஸ்ரேதான் முதல் சோதனை.

முள், மரச்சிராய், மூங்கில் துண்டு, ஈர்க்குச்சி, பிளாஸ்டிக் ஆகியவற்றின் கதை வேறு. இவற்றின் அடர்த்தி சதையின் அடர்த்திக்கு அருகில் இருப்பதால் எக்ஸ்ரேயில் இவை கரைந்துபோகின்றன. கருவேல முள், ஈச்ச முள், பனங்கருக்கு என்று நம் ஊர்களில் காலிலும் கையிலும் ஏறுகிறவற்றில் பெரும்பகுதி இந்த வகைதான். ஆகையால் முள் தைத்தவரின் எக்ஸ்ரே சாதாரணமாக இருப்பது, உள்ளே முள் இல்லை என்பதற்குச் சான்றே ஆகாது. சி.டி. ஸ்கேனில்கூட, புதிதாக ஏறிய உலர்ந்த மரத்துண்டு காற்றுக்குமிழி போலத் தோன்றி ஏமாற்றுவது உண்டு.

அல்ட்ராசவுண்ட் இந்த இடத்தில் கைகொடுப்பதற்கான காரணம் எளியது. அது ஒலி செல்லும் வழியில் ஏற்படும் தடையைப் படமாக்குகிறது. உடலின் மென்திசுக்களில் ஒலி நொடிக்குச் சுமார் 1540 மீட்டர் வேகத்தில் செல்கிறது. அந்தத் திசுவோடு ஒத்துப்போகாத எந்தப் பொருள் குறுக்கே வந்தாலும், அது மரமானாலும் உலோகமானாலும், ஒலியின் ஒரு பகுதி அதன் பரப்பில் பட்டுத் திரும்பி வருகிறது. திரும்பி வரும் ஒலி திரையில் வெள்ளையாக விழுகிறது. முள் வெள்ளையாகத் தெரிவது இதனால்தான்.

ஆனால் இந்தச் சோதனையையும் அளவோடுதான் நம்ப வேண்டும். தோலுக்கடியில் தங்கிய அயற்பொருட்களைக் கண்டறிவது பற்றிய பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2015-இல் வெளியான ஒரு தொகுப்பாய்வு, அல்ட்ராசவுண்டின் உணர்திறனை 72 விழுக்காடு என்றும் தனித்திறனை 92 விழுக்காடு என்றும் கணக்கிட்டது. அதாவது உள்ளே பொருள் இருக்கும் நூறு பேரில் சுமார் 28 பேருக்கு அது கண்ணில் படாமல் போகலாம்; இல்லாத நூறு பேரில் எட்டுப் பேருக்கு இருப்பதாகத் தோன்றலாம். "தெரிந்தது" என்ற முடிவுக்கு உள்ள வலிமை "தெரியவில்லை" என்ற முடிவுக்கு இல்லை என்பதே இதன் பொருள். இந்த ஒரு செய்தியை நினைவில் கொண்டால் பிற்பாடு வரும் பல முடிவுகள் எளிதாகும்.

கருவியும் அதன் அமைப்பும்

உடலின்மேல் வைத்து நகர்த்தும் கைப்பகுதிக்குப் புரோப் என்று பெயர். வயிற்றுக்குப் பயன்படுத்தும் வளைந்த புரோப் இதற்கு உதவாது. தட்டையான முகம் கொண்ட, அதிக அலைவரிசையுள்ள லீனியர் புரோப் வேண்டும். 10 மெகாஹெர்ட்ஸில் ஒலியின் அலைநீளம் சுமார் 0.15 மில்லிமீட்டர், அலைநீளம் குறையக் குறைய நுட்பமான பொருள் பிரிந்து தெரியும், ஆனால் ஒலி ஆழத்துக்குப் போகாது. விரல்களுக்கும் புறங்கைக்கும் கருவி தரக்கூடிய மிக உயர்ந்த அலைவரிசையை, 12 முதல் 15 மெகாஹெர்ட்ஸ் வரையோ அதற்கு மேலோ, வைத்துக்கொள்ளலாம். குதிகாலின் தடித்த தோல் ஒலியை மிகவும் உறிஞ்சிவிடும் என்பதால் அங்கே 7 அல்லது 8 மெகாஹெர்ட்ஸுக்கு இறங்கிப் பார்க்க நேரிடும். வெறுங்காலோடு நடந்து பழகியவரின் பாதத்தைக் கால் மணி நேரம் வெதுவெதுப்பான நீரில் ஊறவைத்துவிட்டுப் பார்ப்பது நல்ல பலன் தரும்.

ஆழத்தை இரண்டு மூன்று சென்டிமீட்டருக்குக் குறைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு சென்டிமீட்டர் ஆழத்தில் வைத்துவிட்டு முள்ளைத் தேடினால், தேட வேண்டிய இடம் திரையின் மேல்விளிம்பில் ஒரு கோடாகச் சுருங்கிவிடும். ஃபோகஸை நீங்கள் சந்தேகப்படும் ஆழத்துக்குக் கொண்டுவாருங்கள். கெயினை, அதாவது படத்தின் வெளிச்சத்தை, மிகக் கூட்டினால் எல்லாமே வெள்ளையாகி முள் அதில் மறைந்துவிடும். ஆகவே கொழுப்பு நடுத்தரச் சாம்பல் நிறத்தில் தெரியுமளவுக்கு வைத்தால் போதும். புதிய கருவிகளில் பல கோணங்களிலிருந்து ஒலியை அனுப்பிப் படத்தை மெருகேற்றும் காம்பவுண்டு என்ற வசதி தானாகவே இயங்கிக்கொண்டிருக்கும். அது படத்தை அழகாக்கும். ஆனால் முள்ளின் கீழே விழும் நிழலை மங்கச் செய்துவிடும். நமக்கு நிழல்தான் துப்பு. எனவே தேடும்போது அதை நிறுத்திவிட்டும் ஒருமுறை பார்க்க வேண்டும். ஒரு பொத்தான் விஷயம்தான் என்றாலும், நான் சொல்லிக்கொடுத்த பலருக்கு இது புதிய செய்தியாக இருந்தது.

சட்டம் பற்றியும் இங்கே சொல்லிவிட வேண்டும். கருவின் பாலினத்தைக் கண்டறிவதைத் தடுக்க இந்தியாவில் 1994-இல் இயற்றப்பட்ட சட்டத்தின் கீழ், அல்ட்ராசவுண்ட் கருவி எந்த வேலைக்காக வாங்கப்பட்டாலும் பதிவு பெற்றிருக்க வேண்டும். அது இருக்கும் இடத்துக்கும் இயக்குபவருக்கும் விதிகள் உண்டு. முள்ளைப் பார்க்கத்தானே என்று கையடக்கக் கருவி ஒன்றைப் பையில் வைத்துக்கொண்டு திரிவது சட்டப்படி சரியல்ல.

கத்தியைத் தொடும் முன்

கிண்டிப் பார்ப்பதற்கு முன்பே ஸ்கேன் செய்துவிட வேண்டும் என்பது இந்த வேலையில் மற்றெல்லாவற்றையும்விட முக்கியமான விதி. காயத்தைத் திறந்து ஃபோர்செப்ஸ் என்னும் இடுக்கியால் துழாவினாலோ, ஹைட்ரஜன் பெராக்சைடு ஊற்றிக் கழுவினாலோ திசுக்களுக்குள் காற்றும் குமிழிகளும் புகுந்துவிடும். அந்தக் காற்றும் வெள்ளையாகத் தெரியும், அதுவும் கீழே நிழல் வீழ்த்தும். அதன்பின் எது முள், எது குமிழி என்று பிரிப்பது மிகக் கடினம். வீட்டிலேயே ஊக்கால் கிண்டிவிட்டோ எருக்கம்பால் வைத்துவிட்டோ வருகிறவர்களிடம் எவ்வளவு நேரம் கிண்டினார்கள் என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். படத்தைப் புரிந்துகொள்ள அது உதவும்.

என்ன குத்தியது, எப்போது, எந்தக் கோணத்தில், வெளியே எடுத்த துண்டு முழுதாக இருந்ததா, இப்போது எந்த அசைவில் வலிக்கிறது என்பவற்றை விசாரியுங்கள். பிறகு நோயாளியிடமே ஒற்றை விரலால் இடத்தைக் காட்டச் சொல்லுங்கள். அவர் காட்டும் புள்ளிதான் பெரும்பாலும் சரியான புள்ளி. சர்க்கரை நோயால் பாத உணர்ச்சி குறைந்தவர்களிடம் மட்டும் இந்த வழிகாட்டலை நம்ப முடியாது. அவர்களுக்கு வலியே இல்லாமல் முள் வாரக்கணக்கில் உள்ளே கிடக்கும். காரணம் தெரியாத பாதப்புண்ணோடு வரும் சர்க்கரை நோயாளிக்கு, முள் ஏறிய நினைவு அவருக்கு இல்லாவிட்டாலும், ஒருமுறை ஸ்கேன் செய்து பார்ப்பது வீண் வேலையாகாது.

ஸ்கேன் தொடங்கும் முன்பே விரலின் நுனியில் உணர்ச்சி, இரத்த ஓட்டம், மடக்கி நீட்டும் வலிமை ஆகியவற்றைச் சோதித்துக் குறித்து வையுங்கள். மரப்பு ஊசி போட்ட பிறகு உணர்ச்சியைச் சோதிக்க முடியாது.

தேடும் விதம்

ஜெல்லைத் தாராளமாக வையுங்கள். திறந்த காயமென்றால் கிருமி நீக்கிய ஜெல்லும், புரோபுக்குக் கிருமி நீக்கிய உறையும் தேவை. புரோபை அழுத்தாதீர்கள்; அழுத்தினால் வலிக்கும் என்பதோடு, முள்ளைச் சுற்றியிருக்கும் மெல்லிய நீர்ப்படலமும் நசுங்கிக் காணாமல் போய்விடும். முதலில் மறுபக்கத்துக் கையிலோ காலிலோ அதே இடத்தைப் பார்த்துவிடுங்கள். எலும்பு எங்கே வெள்ளைக் கோடாக ஓடுகிறது, தசைநாண் எப்படிக் கிடக்கிறது, கொழுப்பு எவ்வளவு தடிப்பாக இருக்கிறது என்பது அப்போது கண்ணில் பதிந்துவிடும்.

பிறகு வலி உள்ள இடத்துக்கு இரண்டு மூன்று சென்டிமீட்டர் தள்ளித் தொடங்கி, வயலில் ஏர் உழுவதுபோல் ஒரு சாலை அடுத்த சால் தொட்டுக்கொண்டிருக்கும்படி மெதுவாக நகருங்கள். உள்ளே போன பொருள் நுழைந்த துளைக்கு நேர் கீழேயே இருக்க வேண்டும் என்பதில்லை. சாய்வாகப் போயிருக்கலாம், நடந்து நடந்து நகர்ந்திருக்கலாம். நீளவாக்கில் முழுவதும் பார்த்தபின் புரோபை 90 பாகை திருப்பிக் குறுக்குவாக்கில் மீண்டும் முழுவதும் பாருங்கள். மெல்லிய முள் ஒன்று ஒலிக்கற்றைக்கு இணையாக நின்றுகொண்டிருந்தால் அது ஒலியைத் திருப்பி அனுப்பாது. எனவே ஒவ்வொரு இடத்திலும் புரோபைச் சிறிது முன்னும் பின்னும் சாய்த்துப் பார்க்க வேண்டும். ஒலி செங்குத்தாக விழும் நொடியில்தான் முள் பளிச்சிடும், அதன் நிழலும் விழும். அவசரப்பட்டு நகர்த்துகிற கைக்கு அந்த நொடி கிடைக்காது.

வெள்ளையாக ஒன்று தெரிந்தவுடன் அது அயற்பொருளா, உடலின் பகுதியா என்று தீர்மானிக்க நான் கைக்கொள்ளும் வழி இது. அந்த வெள்ளைக் கோட்டை நடுவில் வைத்துக்கொண்டு புரோபைத் திருப்புவேன். முள் என்றால் நீளவாக்கில் கோடாகவும் குறுக்கில் புள்ளியாகவும் தெரியும். தசைகளைப் பிரிக்கும் உறை இரண்டு வாக்கிலும் கோடாகவே நீளும். தசைநாண் என்றால் விரலை மடக்கச் சொன்னால் அதனோடு சேர்ந்து ஓடும். சாய்வாகப் பார்த்தால் கறுத்துவிடும். இரத்த நாளம் என்றால் அழுத்தினால் நசுங்கும், இரத்த ஓட்டத்தைக் காட்டும் டாப்ளர் வசதியில் வண்ணம் காட்டும்.

எந்தப் பொருள் எப்படித் தெரியும்

மரமும் முள்ளும் வெள்ளைக் கோடாகவும், அதன் கீழே தெளிவான விளிம்புள்ள கறுத்த நிழலோடும் தெரியும். நாள்பட நாள்பட மரம் ஈரத்தை உறிஞ்சி ஊறிப்போவதால் அதன் வெண்மை குறைந்துகொண்டே வரும். பல மாதம் கிடந்த சிராயைக் கண்டுபிடிப்பதில் அதன் வெண்மையைவிட நிழலும் சுற்றியுள்ள வளையமுமே துணை. உலோகம் மிகப் பளிச்சென்று தெரிவதோடு, அதன் கீழே சம இடைவெளியில் அடுக்கடுக்கான வெள்ளைக் கோடுகள் வால்போல இறங்கும். ஊசிக்குள் ஒலி முன்னும் பின்னும் மோதித் திரும்புவதால் வருவது அது. கண்ணாடி இரண்டு விதமாகவும் நடந்துகொள்ளும்: சில கோணத்தில் நிழல், சில கோணத்தில் வால். கல்லுக்கு அடர்ந்த நிழல் உண்டு. கெளுத்தி முள் குத்திய மீனவருக்கு, அந்த முள் கால்சியம் சேர்ந்து உறுதியானது என்பதால், எலும்புத்துண்டு போன்ற வெண்மையும் நிழலும் எதிர்பார்க்கலாம்.

கறுத்த வளையத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் பல நேரங்களில் பொருளை முதலில் காட்டிக்கொடுப்பது அதுதான். உள்ளே புகுந்த பொருளை உடல் ஏற்காமல் அதைச் சுற்றி நீரும் சீழும் புதுத்திசுவும் சேர்க்கிறது. குத்தி ஒரு நாள் கடந்தபின் இந்த வளையம் உருவாகத் தொடங்கும். சாம்பல் நிறக் கொழுப்பின் நடுவே கறுப்பு வட்டம், அதன் நடுவே வெள்ளைப் புள்ளி என்ற அமைப்பைக் கண்ணுக்குப் பழக்கிக்கொண்டால் மிகச் சிறிய துண்டையும் தவறவிட மாட்டீர்கள். அந்த வளையத்தின் மேல் டாப்ளரை வைத்தால் சுற்றிலும் இரத்த ஓட்டம் கூடியிருப்பதும் தெரியும்.

ஏமாற்றுகிறவையும் உண்டு. கைக் கட்டைவிரலின் அடியிலும் கால் பெருவிரலின் அடியிலும் இயல்பாகவே இருக்கும் சிறு எள்ளெலும்புகள், பழைய தழும்பு, முன்பு போட்ட தையல்நூல், கால்சியம் படிந்த நாளம், காற்று ஆகியவை அவற்றில் முக்கியமானவை. எள்ளெலும்பு மறுகாலிலும் அதே இடத்தில் இருக்கும். காற்றின் நிழல் முள்ளின் நிழலைப்போலத் தெளிவாக இராது. சாம்பல் பூத்துக் கலங்கியிருக்கும், மெல்ல அழுத்தினால் இடம் மாறும்.

நீருக்குள் வைத்துப் பார்த்தல்

விரல், புறங்கை, கால்விரல் போன்ற மேடுபள்ளமான இடங்களில் தட்டையான புரோபின் முகம் முழுதாகப் பொருந்தாது. தோலுக்கு மிக அருகில் இருக்கும் பொருளும் புரோபின் முகத்தை ஒட்டியே விழுவதால் மங்கிப்போகும். வலி வேறு. இம்மூன்றுக்கும் ஒரே தீர்வு ஒரு பிளாஸ்டிக் பேசின் தண்ணீர்.

கையை முழுவதும் மூழ்கும்படி வெதுவெதுப்பான நீரில் வைத்து, புரோபின் முகத்தை மட்டும் நீருக்குள் இறக்கி, தோலிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளிப் பிடித்துக்கொண்டு பாருங்கள். ஜெல் வேண்டாம், அழுத்தம் வேண்டாம், தொடவே வேண்டாம். தண்ணீர் திரையில் கறுப்பாகத் தெரியும். அதன் கீழே தோலின் கோடும் அதற்கடியில் உள்ளவையும் நல்ல தெளிவில் வரும். தண்ணீரை முன்கூட்டியே ஊற்றிச் சிறிது நேரம் அசையாமல் விட்டால் குமிழிகள் போய்விடும். தோலில் ஒட்டியிருக்கும் குமிழிகளை விரலால் துடைத்துவிடுங்கள். புரோபை எதுவரை நனைக்கலாம் என்று தயாரிப்பாளர் குறித்திருக்கும் எல்லையைத் தாண்டாதீர்கள். கம்பி சேரும் இடம் ஒருபோதும் நனையக் கூடாது. அழுகையை நிறுத்தாத குழந்தைகள்கூடத் தண்ணீருக்குள் கையை விட்டு விளையாடிக்கொண்டே காட்டிவிடுகிறார்கள் என்பது இந்த முறையின் பெரிய நன்மை. நெற்றி, தோள் போன்று நீரில் மூழ்க வைக்க முடியாத இடங்களுக்கு, கையுறை ஒன்றில் காற்றில்லாமல் நீரையோ ஜெல்லையோ நிரப்பி முடிந்து, தோலுக்கும் புரோபுக்கும் நடுவே வைத்துக்கொள்ளலாம்.

குறித்தலும் எடுத்தலும்

கண்டுபிடித்தபின் அளந்து எழுத வேண்டியவை: பொருளின் நீளம், தோலிலிருந்து அதன் ஆழம், எந்த முனை தோலுக்கு அருகில் இருக்கிறது, எந்தத் திசையில் சாய்ந்திருக்கிறது, தசைநாண், நாளம், நரம்பு, மூட்டு ஆகியவற்றிலிருந்து எவ்வளவு தூரம், சுற்றிலும் சீழ் உண்டா, ஒன்றா பலவா. ஒன்று கிடைத்துவிட்டது என்ற மகிழ்ச்சியில் தேடுவதை நிறுத்தி, இரண்டாவது துண்டை விட்டுவிடுவது அடிக்கடி நேர்கிற பிழை.

தோலின் மேல் பொருளின் இரு முனைகளையும் அழியாத மையால் குறியுங்கள். அறுவைக்கு எந்த நிலையில் கையோ காலோ வைக்கப்படுமோ அதே நிலையில் வைத்துத்தான் குறிக்க வேண்டும். பாதத்தை நீட்டிக் குறித்துவிட்டு மடக்கி வைத்து அறுத்தால், தோலும் கொழுப்பும் விலகி அந்தக் குறி பொய்யாகிவிடும்.

மரப்பு மருந்தையும் திரையைப் பார்த்தே போடலாம். சிரிஞ்சிலிருந்து காற்றை முழுவதும் வெளியேற்றிவிட்டுப் போடுங்கள். ஒரு குமிழி போதும், முள் மறைந்துவிடும். ஊசி முனையை முள்ளின் அருகே கொண்டுபோய் மருந்தைச் செலுத்தினால், மருந்து கறுப்பு நீராகப் பரவிப் பொருளைச் சுற்றியுள்ள திசுவிலிருந்து பிரித்துக் கொடுக்கும். வலி போவதோடு படமும் தெளிவடையும்.

முள் தோலுக்கு இணையாகக் கிடந்தால் அதன் நீளத்தின்மேல் தோலைக் கீறித் திறந்து எடுப்பதே சரி. நுழைந்த துளை வழியாகவே பிடித்து இழுக்க நினைத்தால் மரம் நாராகப் பிரிந்து உள்ளே மிச்சம் வைக்கும். சாய்வாக இறங்கியிருந்தால் தோலுக்கு அருகிலுள்ள முனையின்மேல் சிறிய கீறல் போட்டு, நுனி மெலிந்த ஃபோர்செப்ஸை மூடியபடி புரோபின் நீளவாக்கில் இறக்குங்கள். அதன் முழு நீளமும் திரையில் தெரிந்துகொண்டிருக்க வேண்டும். முள்ளைத் தொட்டபின் வாயைத் திறந்து, பிடித்து, மீண்டும் திரையைப் பார்த்து, பிடித்திருப்பது முள்தான் என்று உறுதிசெய்துகொண்டு வெளியே எடுங்கள். ஃபோர்செப்ஸும் உலோகமாதலால் அதன் வால் முள்ளை மறைக்கும். பக்கவாட்டிலிருந்து அணுகினால் இந்தத் தொல்லை குறையும். ஒரு கையில் புரோபும் மறு கையில் ஃபோர்செப்ஸும் வைத்துக்கொண்டு வேலை செய்யப் பழக்கம் இல்லாதவர்கள் வேறு வழியைக் கைக்கொள்ளலாம்: திரையைப் பார்த்தபடி இரண்டு மெல்லிய ஊசிகளை ஒன்றுக்கொன்று செங்குத்தாக, முள்ளுக்குக் கீழே சந்திக்கும்படி செலுத்தி நிறுத்திவிட்டு, புரோபை எடுத்து வைத்துவிட்டு, ஊசிகளின் வழியே கீறிக்கொண்டு இறங்கினால் அவை சந்திக்கும் இடத்தில் முள் கிடைக்கும்.

எடுத்த துண்டை ஒரு தாளில் வைத்து அளந்து, ஸ்கேனில் அளந்த நீளத்தோடு ஒப்பிடுங்கள். நுனி முழுதாகக் கூர்மையாக இருக்கிறதா, ஒடிந்திருக்கிறதா என்று பாருங்கள். பிறகு காயத்தை உப்புநீரால் நிரப்பிக் காற்றை வெளியேற்றிவிட்டு மீண்டும் ஒருமுறை ஸ்கேன் செய்யுங்கள். டெட்டனஸ் தடுப்பூசி நிலவரத்தைக் கேட்டுத் தேவையானதைப் போடுங்கள். மரம் போன்ற பொருள் கிடந்த காயத்தை இறுக்கித் தைத்து மூட வேண்டாம்.

எல்லா முள்ளையும் அவசர சிகிச்சைப் பிரிவிலேயே எடுத்துவிட வேண்டும் என்ற பிடிவாதம் கூடாது. மூட்டுக்குள் நுழைந்தது, விரலை மடக்கும் தசைநாணின் உறைக்குள் இருப்பது, பெரிய நாளத்தையோ நரம்பையோ ஒட்டியிருப்பது, கழுத்திலும் கண்ணருகிலும் இருப்பது ஆகியவற்றை அறுவை அரங்குக்கோ உரிய சிறப்பு மருத்துவருக்கோ அனுப்ப வேண்டும். அரை மணி நேரம் தேடியும் கைக்கு வரவில்லை என்றால் நான் நிறுத்திவிடுவேன். அதற்குமேல் தேடுவது பெரும்பாலும் நல்ல திசுவைக் கிழிப்பதில்தான் முடிகிறது.

கண்ணையும் கையையும் பழக்குதல்

நோயாளியின் காலில் கற்றுக்கொள்ளத் தேவையில்லை. கோழிக்கடையில் தோலோடு ஒரு தொடையை வாங்கி வாருங்கள். பல்குத்தும் குச்சி, ஊசி, கண்ணாடித்துண்டு, கருவேல முள் ஆகியவற்றை வெவ்வேறு ஆழத்தில் செருகுங்கள். தண்ணீருக்கடியில் வைத்துச் செருகினால் காற்றுப் புகாது. நண்பர் ஒருவரைச் செருகச் சொல்லி, சில தொடைகளில் வெறும் கீறலை மட்டும் போடச் சொல்லி, எது எது என்று தெரியாமல் நீங்கள் தேடுங்கள். வெறும் கீறலை முள் என்று நீங்கள் எத்தனை முறை சொல்லிவிடுகிறீர்கள் என்பதை எண்ணிக்கொள்வது, சரியாகக் கண்டுபிடித்தவற்றை எண்ணுவதைவிடப் பயனுள்ளது. உணவுக்குரிய இறைச்சியோடும் நோயாளியோடும் ஒரே புரோப் புழங்குவதால், உறை போட்டுப் பயிலுங்கள். முடிந்ததும் முறைப்படி துடைத்துக் கிருமி நீக்குங்கள்.

தெரியவில்லை என்றால்

இரண்டு வாக்கிலும் நிதானமாகத் தேடி, நீரிலும் வைத்துப் பார்த்தபின்னும் எதுவும் தெரியவில்லை என்றால், "உள்ளே ஒன்றும் இல்லை" என்று எழுதாதீர்கள். "இன்றைய ஸ்கேனில் தெரியவில்லை" என்று எழுதுங்கள். ஆறாத புண், அடிக்கடி சீழ் வைத்து அடங்குகிற கட்டி, காரணமில்லாமல் வீங்கும் விரல்மூட்டு ஆகியவற்றின் பின்னால் மாதக்கணக்கில் கிடக்கும் முள் இருக்கக்கூடும் என்பதை நோயாளிக்கும் சொல்லி வைக்க வேண்டும்.

மிகவும் நாள்பட்ட பாத வீக்கத்தில் இன்னொன்றையும் நினைவில் வைத்திருக்க வேண்டும். முள் குத்திய துளை வழியாக மண்ணிலிருந்து பூஞ்சையோ பாக்டீரியாவோ உள்ளே சென்று வளர்ந்து, ஆண்டுக்கணக்கில் பாதத்தை அரிக்கும் நோய் ஒன்று உண்டு. மதுரையில் பணியாற்றிய கில் என்ற மருத்துவர் 1842-இல் அதை விவரித்ததால் உலக மருத்துவ நூல்களில் அது இன்றும் மதுரைக் கால் என்றே வழங்குகிறது. உலக சுகாதார நிறுவனம் 2016-இல் அதைப் புறக்கணிக்கப்பட்ட வெப்பமண்டல நோய்களின் பட்டியலில் சேர்த்தது. அல்ட்ராசவுண்டில் அது கறுத்த வட்டங்களாகவும் ஒவ்வொரு வட்டத்தின் நடுவிலும் ஒரு வெள்ளைப் புள்ளியாகவும் தெரியும். ஒற்றை வட்டம் இருந்தால் முள்ளை நினைக்கலாம். வலியில்லாத கட்டிக்குள் வட்டங்கள் கூட்டமாக இருந்து, புண்ணிலிருந்து மணிமணியாக ஏதேனும் வெளியேறினால், கத்தியை வைத்துவிட்டுத் திசுச் சோதனைக்கு அனுப்புங்கள்.

மற்றவர்களைப் பொறுத்தவரை, வலி நீடித்தால் ஒரு வாரம் கழித்தும், அதன்பின் இன்னொரு வாரம் கழித்தும் வரச் சொல்லித் தேதியைச் சீட்டில் எழுதிக் கொடுங்கள். முதல் நாளில் கொழுப்புக்கும் முள்ளுக்கும் வேறுபாடு தெரியாத பாதத்தில், பத்து நாளில் கறுத்த வளையம் கூடியிருக்கும். அதே புரோபை அதே இடத்தில் வைத்தால் இந்த முறை முள் தெரிவதற்கு வாய்ப்பு அதிகம்.